விளையாட்டு மேலாண்மையும் நாடகக் கலையும்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளுக்குள்தான் பிளஸ் டூ ரிசல்ட் வரும், கல்லூரி விண்ணப்பம் திறக்கும், பணம் கட்டக் கடைசித் தேதியும் வந்து நிற்கும். கரையில் ஆட்களுக்கு நேரம் நிறைய, கையில் காசு குறைவு. வலைக்கு மால் பிடித்துக்கொண்டே, "தம்பி, நீ படிச்ச அந்த டிராமா படிப்பு என்னப்பா, எம் பையன் கேக்குறான்" என்று ஆரம்பிப்பார்கள். இன்னொருவர், "ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்னு புதுசா ஒண்ணு சொல்றாங்களே" என்பார்.

நான் இதே கரையில் வளர்ந்து புதுச்சேரியில் நாடகம் படித்துவிட்டுத் திரும்பியவன். விளையாட்டு மேலாண்மை பற்றிய பதில்களை, அதைச் சென்னையில் படித்து இன்று போட்டி நடத்தும் வேலையில் அலையும் என் சித்தப்பா மகனிடம் கேட்டுச் சரிபார்த்திருக்கிறேன். வருடா வருடம் ஒரே பதிலைச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாமே என்றுதான் இது.

விளையாட்டு மேலாண்மை என்றால் என் மகன் விளையாடப் போகிறானா?

இல்லை. விளையாட வைக்கப் போகிறான்.

தொண்டிப் பக்கம் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் நின்று பார்ப்பவருக்குப் பாய் விரிவதும் படகு பாய்வதும்தான் தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்பே ஊர்க் கமிட்டி உட்கார்ந்திருக்கும். எத்தனை படகு, எவ்வளவு நீளம், ஒரு படகில் எத்தனை பேர், நுழைவுக் கட்டணம் எவ்வளவு, முதல் பரிசை யார் தருவது என்று பேசி முடிப்பார்கள். மரைன் போலீசுக்குத் தகவல் போக வேண்டும். எல்லைக் கொடி நடும் படகு ஒன்று, கவிழ்ந்தால் தூக்க ஒன்று வேண்டும். மைக்செட்காரருக்கு முன்பணம் தர வேண்டும். அன்றைக்குக் கச்சான் காற்று பலமாக அடித்தால் போட்டியைத் தள்ளுவதா, எல்லையைக் குறைப்பதா என்று ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். முடிவு பிடிக்காத படகுக்காரர் சண்டைக்கு வந்தால் விதிமுறை நோட்டீசைக் காட்ட வேண்டும். கடைசியில் வரவு செலவை ஊர் முன்னால் வாசிக்க வேண்டும்.

கல்லூரியில் இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு: நிகழ்ச்சி மேலாண்மை, விளம்பரதாரர் ஒப்பந்தம், மைதானப் பராமரிப்பு, இடர் மேலாண்மை, விளையாட்டுச் சட்டம், நிதி, ஊடகம். நம் ஊர்க் கமிட்டித் தலைவர் பட்டம் வாங்காமல் செய்வதைத்தான் அங்கே கணக்கோடும் காகிதத்தோடும் சொல்லித் தருகிறார்கள்.

இன்னும் பெரிதாகப் பார்க்க வேண்டுமா, தனுஷ்கோடிக்குப் போங்கள். இலங்கையின் தலைமன்னாரிலிருந்து நம் பக்கத்து அரிச்சல்முனை வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1966-ல் மிஹிர் சென் இந்த நீரிணையை நீந்திக் கடந்தார், 1994-ல் சிறுவன் குற்றாலீஸ்வரன் கடந்தான். இப்படி ஒருவர் நீந்துவதற்குப் பின்னால் இரு நாட்டு அனுமதி, கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் தகவல், துணைப் படகு, மருத்துவர், நேரத்தைக் குறிக்கும் பார்வையாளர், நீரோட்டம் தெரிந்த நம் ஊர்ப் படகோட்டி என்று ஒரு பட்டாளமே இருக்கும். நீந்துபவர் பெயர்தான் பேப்பரில் வரும். மற்ற எல்லாம் மேலாண்மை.

அப்படியானால் பி.பி.எட்.டும் இதுவும் ஒன்றுதானே?

இந்தக் குழப்பத்தால் இரண்டு மூன்று குடும்பங்கள் பணத்தை விட்டிருக்கின்றன. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பள்ளியில் பி.டி. ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் உடற்கல்வியியல் படிக்க வேண்டும். பி.பி.எட். என்பது ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கும் இரண்டாண்டுப் படிப்பு. கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும், சேர்க்கையில் உடல்தகுதித் தேர்வும் இருக்கும். பயிற்சியாளர், அதாவது கோச் ஆக வேண்டும் என்றால் பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவுக்குத்தான் மதிப்பு. அங்கே ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. போட்டி, அணி, அரங்கம் இவற்றை நிர்வகிக்க வேண்டும் என்றால்தான் விளையாட்டு மேலாண்மை. அதில் எம்.பி.ஏ. முடித்தவர் அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு பி.டி. வாத்தியார் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பையனுக்கு இந்த மூன்றில் எது வேண்டும் என்று முதலில் அவனிடமே கேளுங்கள். பாதிப் பேருக்கு மனதில் இருப்பது பி.டி. வாத்தியார் வேலைதான்.

நாடகக் கலையில் நடிப்பைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இந்தப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அன்று மேடையேறும் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஆர்மோனியக்காரரைப் பல நேரம் அன்றைக்குத்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆனாலும் நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொள்வார். பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் நடக்கும் அதிசயம் அது. அந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் பிறந்து 1922-ல் புதுச்சேரியில் காலமானார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி அவர் பெயரில்தான் தொடங்கியது.

கல்லூரியில் இதற்கு நேர் எதிர். ஒன்றரை மணி நேர நாடகத்துக்கு இரண்டு மாதம் ஒத்திகை. காலையில் உடற்பயிற்சி, குரல் பயிற்சி. பிறகு நாடக வரலாறு, இலக்கியம், இயக்கம், மேடை அமைப்பு, ஒளியமைப்பு, ஒப்பனை, உடை. தெருக்கூத்து போன்ற மரபுக் கலைகளைக் கலைஞர்களே வந்து சொல்லித் தருவதும் உண்டு. நான் நடிக்கத்தான் போனேன். முதல் பருவத்திலேயே ஏணி மேல் ஏறி விளக்கு மாட்டும் வேலை பிடித்துப்போய்விட்டது. இன்றைக்கு எனக்குச் சோறு போடுவது அந்த விளக்குதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்லூரி நாடகக்காரர்களில் சிலருக்கு ஊர் நாடகம் என்றால் இளக்காரம். நம் பிள்ளைகளும் முதல் வருடம் அந்தத் தொற்றை வாங்கிக்கொண்டு வந்து, "அது நாடகமே இல்லப்பா" என்பார்கள். கவலை வேண்டாம், இரண்டாம் வருடத்தில் தெளிந்துவிடும்.

சினிமாவுக்குப் போகத்தானே இந்தப் படிப்பு?

சிலர் போகிறார்கள். அதற்காக மட்டும் என்றால் இரண்டு வருடம் ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிடத் தேவையில்லை. 1977-ல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையில் பயிற்சி பெற்றுச் சினிமாவுக்குப் போனவர்கள் பலர். அது கல்லூரி அல்ல, பட்டமும் தராது.

நம் மாவட்டத்திலேயே படிக்க முடியாதா?

இந்த இரண்டுக்கும் வெளியே போகத் தயாராக இருங்கள். ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை, முத்துப்பேட்டை பக்கமுள்ள கலைக் கல்லூரிகளில் தமிழ், ஆங்கிலம், வணிகவியல், கணினி போன்ற பாடங்களுக்குத்தான் போகிறோம். இவை காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கே ஒரு உடற்கல்வியியல் கல்லூரி உண்டு, பி.டி. வேலை நினைப்பவருக்கு அதுதான் பக்கம். ராமநாதபுரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், பரதம் என்று மூன்று வருடம் சொல்லித் தருகிறார்கள். நாடகத்துக்குப் போகப் பிரியப்படும் பிள்ளைக்கு அது வீண் போகாது.

விளையாட்டு மேலாண்மைக்கு எங்கே விண்ணப்பிப்பது?

தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது சென்னை மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். அரசுப் பல்கலைக்கழகம், அங்கே எம்.பி.ஏ. விளையாட்டு மேலாண்மை இருக்கிறது. வெளி மாநிலம் போக மனம் உள்ளவர்கள் கொல்கத்தாவின் சமூக நல மற்றும் வணிக மேலாண்மை நிறுவனத்தின் முதுநிலை டிப்ளமோவைப் பார்க்கலாம். தனியார் பல்கலைக்கழகங்களில் பி.பி.ஏ.வாகவும் நடத்துகிறார்கள், கட்டணம் கையைக் கடிக்கும்.

நாடகத்துக்கு?

என் முதல் சிபாரிசு புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை. நான் படித்த இடம் என்பதால் பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாடகக் கலையில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டம். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் வரலாம், ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அந்த விண்ணப்பம் ஜூனில் அல்ல, முந்தைய குளிர்காலத்திலேயே திறந்து மூடிவிடும். வருடா வருடம் நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். கடைசி வருடம் படிக்கும்போதே டிசம்பரிலிருந்து கண் வைத்திருங்கள்.

1981-ல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. நாடக ஆய்வு என்றால் அந்தப் பக்கம். பிளஸ் டூ முடித்ததும் நேராக நாடகத்தில் இளநிலைப் பட்டம் வேண்டும் என்பவர்களுக்குத் திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி. 1977-லிருந்து நடக்கிறது. சுற்றிலும் மலையாளம்தான், ஆனால் ஐஸ் கம்பெனியில் மலையாளிகளோடு வேலை பார்த்த நம் ஆட்களுக்கு அது ஒரு தடையா என்ன.

டெல்லியில் 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி எல்லோருடைய கனவு. மூன்றாண்டுப் படிப்பு, தேர்வானவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. நாடு முழுக்க முப்பது சொச்சம் இடங்கள்தான். பட்டம் வேண்டும், குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கெடுத்திருக்க வேண்டும், ஹிந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். அதே பள்ளிக்குப் பெங்களூரில் ஒரு மையம் இருக்கிறது. அங்கே ஓராண்டுப் படிப்பு. நமக்கு அது கொஞ்சம் எட்டும் தூரம்.

பிளஸ் டூ முடித்த கையோடு சேர்த்துவிடலாமா, ஒரு டிகிரி முடித்த பிறகா?

டிகிரி முடித்த பிறகு. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. மூன்று வருடம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்து அரசுக் கல்லூரியில் ஒரு சாதாரணப் பட்டம் வாங்கட்டும். விளையாட்டுப் பக்கம் போகிறவனுக்கு வணிகவியல் பொருத்தம், நாடகத்துக்குத் தமிழ் இலக்கியம் பொருத்தம். அந்த மூன்று வருடத்தில் ஊரில் நடக்கும் மின்னொளிக் கபடிக்கு நோட்டீஸ் அடிப்பதிலிருந்து பரிசு கொடுப்பது வரை கூட நிற்கட்டும், அல்லது நாடகக் கொட்டகையின் பின்பக்கம் இருக்கட்டும். சிறப்புப் படிப்பின் வாசலில் போய் நிற்கும்போது "நான் இதைச் செய்திருக்கிறேன்" என்று சொல்ல ஏதாவது வேண்டும். அப்புறம் இருபத்தொரு வயதில் மனசு மாறினாலும் கையில் ஒரு டிகிரி இருக்கும். பதினேழு வயதில் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு மாறினால் அப்பாவின் படகுக் கடனோடு அதுவும் சேரும்.

பெண் பிள்ளையை நாடகம் படிக்க அனுப்பலாமா? ஊரில் என்ன சொல்வார்கள்?

சொல்லத்தான் செய்வார்கள். கே.பி. சுந்தராம்பாள் காலத்திலும் சொன்னார்கள், அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டா பாடினார்?

பயப்பட வேண்டியது ஊர் வாயைப் பற்றியல்ல. ஹாஸ்டல் எப்படி, ஒத்திகை இரவு எத்தனை மணி வரை, முடிந்ததும் எப்படி அறைக்குத் திரும்புவாள், புகார் சொல்ல உள்விசாரணைக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். சேரும் முன்பே அம்மாவும் மகளுமாக ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள், படிக்கும் பெண்களிடமே பேசுங்கள். என் வகுப்பில் இருந்த பெண்களில் ஒருத்தி உடை வடிவமைப்புப் பக்கம் போனாள், இன்னொருத்தி பள்ளிக்கூடங்களில் நாடகப் பயிற்சி நடத்துகிறாள். ஒப்பனை போட்டு மேடையில் நிற்பது மட்டுமே நாடகமல்ல என்று பாட்டிக்கும் சொல்லிவையுங்கள்.

தடைக்காலத்தில்தான் பணம் கட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

அரசுக் கலைக் கல்லூரியில் பட்டம் என்றால் கட்டணம் பெரிய சுமை இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022-லிருந்து தருகிறார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு, அட்டையைப் புதுப்பித்து வைத்திருங்கள். பலர் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு ஜூன் மாதம் ஓடுகிறார்கள்.

கலைப் பக்கம் போகிறவர்களுக்கு மத்தியக் கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை இருக்கிறது. 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். நாடகமும் அதில் அடக்கம். இதைக் குருவிடம் பயில்பவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள், நம் பக்கத்திலிருந்து விண்ணப்பிப்பதே அபூர்வம்.

படித்து முடித்தால் சம்பளம் வருமா?

முதல் மூன்று வருடம் ஒழுங்காக வராது. இரண்டு படிப்புக்கும் இதே கதைதான்.

விளையாட்டு மேலாண்மையில் வேலை பருவ வேலை. புரோ கபடி 2014-ல் வந்தது, தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல். லீக் நடக்கும் வாரங்களில் தூக்கம் இருக்காது, முடிந்தால் அடுத்த லீக் வரை அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட், 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் கேலோ இந்தியா என்று பெரிய போட்டிகள் இங்கே வந்தன. அவற்றில் தன்னார்வலராக நுழைந்தவர்களுக்குப் பிறகு சம்பள வேலை கிடைத்திருக்கிறது. என் சித்தப்பா மகன் அப்படித்தான். முதல் வேலை தண்ணீர் பாட்டில் எண்ணுவது. அரங்கங்கள், அகாடமிகள், தனியார் பள்ளிகளின் விளையாட்டுத் துறை, விளையாட்டுப் பொருள் நிறுவனங்கள் என்று மற்ற வாசல்களும் உண்டு. பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டு அகாடமி அமைக்க அரசு திட்டமிட்டிருக்கிறது. கடல் தெரிந்த, கணக்கும் தெரிந்த ஆட்கள் அங்கே தேவைப்படுவார்கள் என்பது என் ஆசை கலந்த கணிப்பு.

நாடகத்தில் நிரந்தர வேலை இன்னும் குறைவு. முதுநிலை முடித்தால் நிகழ்கலைப் பாடத்தில் நெட் தேர்வு எழுதலாம், தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கோ ஆய்வு உதவித்தொகைக்கோ வழி. அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா வந்த பிறகு நாடகம் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள். 2021-ல் இல்லம் தேடிக் கல்வியை ஊர் ஊராகக் கொண்டுபோனது கலைக்குழுக்கள்தான். ஒளியமைப்பு, ஒலி, மேடை நிர்வாகம் கற்றவர்கள் யாரும் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. நடிகர்கள் இருந்து பார்த்திருக்கிறேன்.

பையனிடம் கபடிக் கோப்பை பத்து இருக்கிறது. ஒதுக்கீட்டில் சீட் கிடைக்குமா?

ஊர்க் கோப்பை வீட்டு அலமாரிக்கு. ஒதுக்கீட்டுக்கு வேண்டியது அங்கீகாரம் பெற்ற சங்கமோ பள்ளி விளையாட்டுக் குழுமமோ நடத்திய போட்டியின் சான்றிதழ். முதலமைச்சர் கோப்பைக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து விளையாடச் சொல்லுங்கள், ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி அரங்கத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. சிலம்பமும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வீட்டில் கம்பு சுற்றும் பிள்ளை இருந்தால் நினைவில் வையுங்கள்.

ஆங்கிலம் வராதே?

தேசிய நாடகப் பள்ளியை விட்டால் நாடகத்துக்குத் தமிழ் போதும், நுழைவுத் தேர்வுக்கு மட்டும் கொஞ்சம் படிக்க வேண்டும். விளையாட்டு மேலாண்மைக்கு ஆங்கிலம் வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தமும் மின்னஞ்சலும் அதில்தான். சுற்றுலாக்காரர்களிடம் பேசிப் பேசியே ஆங்கிலம் பிடித்த பாம்பன் பையன்களை எனக்குத் தெரியும், கூச்சம்தான் பெரிய எதிரி.

"நூறு சதவீத வேலை உறுதி" என்று விளம்பரம் வந்திருக்கிறது. நம்பலாமா?

நான் நம்பினேன். புதுச்சேரிக்கு முன்பு ஒரு வருடம், ஊர் பெயர் வேண்டாம், ஒரு தனியார் நிறுவனத்தில் "நடிப்பு டிப்ளமோ" என்று பணம் கட்டினேன். வாரம் இரண்டு வகுப்பு. நான்காம் மாதம் ஆசிரியர் மாறினார், ஆறாம் மாதம் கட்டடம் மாறியது. சான்றிதழைக் கொண்டுபோய் ஒரு கல்லூரியில் நீட்டினால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அம்மாவின் இரண்டு வளையல் அதில் போனது.

ஆகவே, பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். அந்தப் பெயர் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே முடித்த இரண்டு பேரின் அலைபேசி எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேர்முகத்துக்கு எப்படித் தயாராவது?

நாடகத்துக்கு ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு கதை கையில் இருக்க வேண்டும். சினிமா வசனத்தைக் கொண்டுபோகாதீர்கள், அவர்கள் அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள். ஏலக்கூடத்தில் மீன் விலை கூவுவது எப்படி என்று நடித்துக் காட்டி என் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் இடம் பிடித்தான். தனுஷ்கோடியை அழித்த 1964 புயலைப் பற்றிப் பாட்டி சொன்னதை அப்படியே சொன்னாலும் போதும், எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

விளையாட்டு மேலாண்மைக்கு, நீங்கள் கூட நின்று நடத்திய ஒரு போட்டியின் வரவு செலவுத் தாளை எடுத்துப் போங்கள். துண்டு விழுந்திருந்தாலும் எடுத்துப் போங்கள். ஏன் விழுந்தது என்று சொல்லத் தெரிந்தால் அது இன்னும் நல்லது.

போய் வருவது எப்படி?

ராமேஸ்வரத்திலிருந்து இரவு ரயில் சென்னைக்கு இருக்கிறது. புதுச்சேரிக்கு விழுப்புரத்தில் இறங்கிப் பஸ். பழைய பாம்பன் பாலம் 2022 கடைசியில் மூடிய பிறகு மண்டபம் வரை பஸ்ஸில் வந்து ரயில் பிடித்துக்கொண்டிருந்தோம். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு அந்த அலைச்சல் இல்லை. நேர்முகத் தேர்வுத் தேதி வந்த அன்றே டிக்கெட் போட்டுவிடுங்கள். விடுமுறைக் காலத்தில் யாத்திரைக் கூட்டத்தோடு மோதி நமக்கு இடம் கிடைக்காது.